யாருடைய பழைய ஞாபகம்?

கேள்வி: மகள் உயர்தரத்தில் ஊடகக் கற்கை படிக்கிறாள். கட்பரி சொக்லேட்டின் பழைய கிரிக்கெட் விளம்பரத்தையும், 2021இல் அதையே திருப்பி எடுத்ததையும் ஒப்பிட்டு எழுத ஒப்படை கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் போனில் சேர்ந்து பார்த்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழையதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை, பிறகு ஏன் கலங்கியது? மகளோ "இதில என்னம்மா இருக்கு?" என்கிறாள். அவளுக்கு எப்படி உதவுவது?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அன்புத் தங்கச்சி, உங்கள் கண்ணீரும் மகளின் கேள்வியும் இரண்டுமே அந்த ஒப்படைக்குள் வரவேண்டும்.

முதலில் கதை. பழையது 1990களில் இந்தியத் தொலைக்காட்சியில் வந்தது. ஆட்டக்காரன் பந்தை உயர அடிக்கிறான். பிடிபட்டுவிடுமோ என்று சொக்லேட்டும் கையுமாகக் காதலி பதறுகிறாள். பந்து எல்லையைத் தாண்டியதும் காவலாளியை ஏய்த்து மைதானத்துக்குள் ஓடிவந்து நடனம் ஆடுகிறாள். 2021இல், பழையதை எடுத்த அதே ஓகில்வி விளம்பர நிறுவனம், அதே பாட்டோடு, பந்தை அடிப்பவரைப் பெண்ணாகவும் நடனம் ஆடுபவரை ஆணாகவும் மாற்றியது. கதையின் போக்கை அப்படியே விட்டார்கள். மற்றதெல்லாம் பழையபடி இருந்தால்தானே மாறியது கண்ணில் படும்?

இங்கேதான் நம் ஊர் வருகிறது. பழையதை மனதில் வைத்திருப்பவருக்கே அந்த மாற்றம் தித்திக்கும். போர் நடந்த அந்த 90களில் வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். எப்போதாவது ஜெனரேற்றர் பிடித்துப் படம் போட்டால் ஊரே கூடும். 'நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்' என்று அந்த விளம்பரம் கூப்பிடும் கூட்டத்தில் நாங்கள் இல்லை. ஊரே பார்த்திருக்க ஒரு பெண்பிள்ளை பயமில்லாமல் ஆடிய அதே வருடங்களில் நாங்கள் எங்கே இருந்தோம் என்ற எண்ணம்தான் உங்களைக் கலக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். கிடைக்காமல் போன இளமைக்கும் ஏக்கம் உண்டு, தங்கச்சி. அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் ஆண், பெண் விஷயம். பழையதில் சாதிப்பவன் ஆண், மகிழ்பவள் பெண். கமராவுக்கு அவளுடைய ஆட்டத்தில்தான் கண். புதியதில் அடித்த பெண்ணின் முகத்துக்கு எவ்வளவு நேரம், ஆடும் பையனுக்கு எவ்வளவு நேரம் என்று மகள் போனை நிறுத்தி நிறுத்தி அளக்கட்டும். ஒரு பெண் வென்றதற்காக ஒரு ஆண் கூச்சமில்லாமல் துள்ளுவதைக் காட்டியது நல்ல வேலை என்பது என் எண்ணம். ஆனால் சொக்லேட் விற்க ஆளை மாற்றிப் போடுவது சுலபம். இரவுச் செய்திக்கு இடையில் வரும் பால்மா, சவர்க்காரத்தூள் விளம்பரங்களையும் அவள் பார்க்கட்டும். கிளாஸை நீட்டுவது யார், கறையைப் பார்த்துக் கவலைப்படுவது யார், முடிவில் புத்தி சொல்லும் குரல் யாருடையது? முகமாலை வெயிலில் முழந்தாளிட்டுக் கண்ணிவெடி அகற்றிய பெண்களும், தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களும் நம் மாவட்டங்களில் எத்தனை பேர்! அவர்களை எந்த விளம்பரத்தில் பார்த்தீர்கள்?

"இதில என்ன இருக்கு" என்பதை மாற்றச் சொல்லாதீர்கள். பெண் கிரிக்கெட் ஆடுவது அவளுடைய வயதுக்கு அதிசயமில்லை. பழையதைத் தெரியாதவருக்கு 2021 விளம்பரம் எப்படித் தெரியும் என்பதற்கு அவளே சாட்சி. அதை முதல் பந்தியிலேயே எழுதட்டும். அடுத்த பந்திக்கு உங்களைப் பேட்டி எடுக்கட்டும்: அந்த வருடங்களில் உங்கள் வீட்டில் என்ன கேட்டீர்கள், என்ன பார்த்தீர்கள், விளம்பரம் என்று ஒன்றை முதலில் எப்போது கண்டீர்கள். பெயர் போட விருப்பமில்லையென்றால் 'ஒரு தாய்' என்று எழுதினால் போதும்.