எலெக்ட்ரானிக்ஸ் கேள்வி பதில்: கம்பி இருக்கட்டும், பேட்டரி என்ன பேட்டரி?

கேள்வி: ஐயா, சிகரெட்டை விட்டு வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, மாறியவன் நான். ஒருமுறை பயன்படுத்தி எறிகிற வேப்களை 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் விற்கத் தடை வந்துவிட்டது. நண்பர் ஒருவர் தன் பழைய 'மெக்கானிக்கல் மாட்' என்கிற குழாய் வடிவ வேப்பைக் கொடுத்து, "காயிலை (சூடேறும் கம்பிச்சுருளை) நீயே சுற்றிக்கொள், 0.15 ஓம் வைத்தால் புகை அள்ளும்" என்கிறார். எந்தக் கம்பி வாங்கலாம்?
- பெயர் வேண்டாம், ஹாரோ, லண்டன்

பதில்: எனக்குப் புகைப் பழக்கம் கிடையாது. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது ஓம் விதிக் கணக்கு, அது என் ஏரியா.

முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட். அதை 0.15 ஆல் வகுங்கள்: 28 ஆம்பியர். குழாய்க்குள் போடும் 18650 பேட்டரியில் பேர்போன ஒன்று சாம்சங் 25ஆர். அதுவே தொடர்ந்து தரக்கூடியது 20 ஆம்பியர்தான். உறையில் '40 ஆம்பியர்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த பேட்டரிகளும் கடையில் கிடைக்கும். அச்சடிக்க என்ன செலவு!

சர்க்யூட் உள்ள பெட்டி வடிவ வேப் என்றால் காயிலின் ஓமை அளந்து, ஷார்ட் ஆனால் தானே நிறுத்திவிடும். உங்கள் நண்பர் கொடுத்த குழாயில் சர்க்யூட்டே இல்லை. பட்டனை அழுத்தினால் டார்ச் லைட் மாதிரி நேராகக் கரண்ட் பாயும், தடுக்க ஆளில்லை.

18650-ஐக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே உள்ள சின்னக் குமிழ் மட்டும்தான் பாசிட்டிவ். மற்ற உலோக உடம்பு முழுக்க நெகட்டிவ். இரண்டையும் பிரிப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறையும், குமிழைச் சுற்றிய காகித வளையமும். உறையில் நகக்கண் அளவு கிழிந்தாலும் அந்தப் பேட்டரியைப் போடாதீர்கள். சில மாடல்களில் காயில் பகுதியின் நடு ஊசி நேராகப் பேட்டரியின் தலையில் உட்காரும். ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்காவிட்டால், சுற்றியுள்ள நெகட்டிவ் மரையே குமிழில் பட்டு முழு ஷார்ட். வாயு வெளியேற ஓட்டையும் இல்லாத குழாய் என்றால் வெடிக்கத்தான் செய்யும். 2018 மே மாதம் ஃப்ளோரிடாவில் இப்படிச் சர்க்யூட் இல்லாத கருவி வெடித்து ஒருவர் இறந்தே போனார்.

அளப்பதிலும் ஒரு சிக்கல். சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் சும்மா ஒட்டவைத்துப் பாருங்கள், 0.2, 0.3 என்று காட்டும். வயரே அவ்வளவு தின்றால் 0.15-ஐ எதை வைத்து அளப்பீர்கள்? காயிலை மேலே திருகி அளக்கிற தனி ஓம் மீட்டர் வேண்டும்.

சரி, கம்பிக்கு வருகிறேன். சர்க்யூட் உள்ள பெட்டியும், நீங்களே சுற்றிக்கொள்ளும் தலைப்பகுதியும் வாங்குங்கள். 26 கேஜ் காந்தல் (Kanthal) என்கிற சூடேற்றும் கம்பியை 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சியின் மேல் ஆறு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 0.8 ஓம் வரும். 4.2 வோல்ட் கொடுத்தால் ஐந்து ஆம்பியர் சொச்சம்தான், பேட்டரிக்கு மூச்சு முட்டாது. திரவத்தை உறிஞ்சும் பஞ்சை வைக்கும் முன் குறைந்த வாட்டில் விட்டுவிட்டுச் சூடாக்குங்கள். காயில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே சீராகச் சிவக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று எரிந்தால் பீங்கான் முனை இடுக்கியால் சுற்றுகளை நெருக்குங்கள். பஞ்சு காயாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். காய்ந்த பஞ்சில் இழுத்தால் தொண்டை கருகும், ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப் பொருளும் கூடும்.

நண்பரின் குழாயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவரும் அதை விட்டால் நல்லது.

கேள்வி: லண்டனிலிருந்து வரும் தங்கை மகனிடம் ஒரு வேப் வாங்கிவரச் சொல்லலாமா? காயில் போனால் இங்கே மாற்றித் தருவார்களா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். இந்தியாவில் 2019 சட்டப்படி மின்சிகரெட்டைத் தயாரிக்க, இறக்குமதி செய்ய, விற்க, இருப்பு வைக்க, விளம்பரம் செய்யத் தடை. இறக்குமதியில் முதல் தடவை மாட்டினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பையனை ஏர்போர்ட்டில் நிற்க வைக்காதீர்கள். சிகரெட்டை விடத்தான் இந்த யோசனை என்றால் மருந்துக் கடையில் நிகோடின் சூயிங் கம் கிடைக்கிறது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.