முறைத்தண்ணீர் நள்ளிரவில்தான் வரும்

வாசகர் கேள்விகளுக்குக் கும்பகோணம் கணக்கு டீச்சரின் பதில்கள்

கேள்வி: நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வயலைப் பார்க்கும்போது கதைக்கான வரிகள் அருமையாகத் தோன்றுகின்றன. இரவு பாத்திரம் கழுவி முடித்து நோட்டை எடுத்தால் ஒன்றும் வருவதில்லை. எனக்குள் திறமை இருக்கிறதா, இல்லை வெறும் மயக்கமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, நீடாமங்கலம்)

பதில்: திறமை இருக்கிறதா என்று எப்படிச் சொல்வேன் அம்மா? நீங்கள் அனுப்பிய ஆறு பக்கக் கடிதத்தில் அந்த வரிகளில் ஒன்றுகூட இல்லை. காலை ஏழரை மணிக்கு வந்ததை இரவு பத்து மணிக்குத் தேடுகிறீர்கள் என்பது மட்டும் தெரிகிறது.

என் அப்பாவுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் இரண்டு ஏக்கர், கடைமடையில். ஜூன் 12 அன்று மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் துள்ளிக் குதிக்கமாட்டார்கள். கல்லணைக்கு வரவே மூன்று நாளுக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகு ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று வழியில் எல்லாரும் குடித்த மிச்சம்தான் எங்களுக்கு. தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்து விடுவார்கள். எங்கள் முறை மட்டும் ஏனோ நள்ளிரவில்தான் வரும். அப்பா லாந்தரும் மண்வெட்டியுமாக வரப்பில் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் வருவது மனிதனுக்கு முன்னால் தவளைக்குத் தெரியும் என்பார். வந்ததும் மடையை வெட்டிவிட வேண்டும். கண்ணயர்ந்துவிட்டால் அது பக்கத்து வயலுக்கோ வடிகாலுக்கோ போய்விடும். விடிந்தபின் போய் வாய்க்காலைத் திட்டி என்ன பயன்?

இதோடு நிறுத்தினால் நான் அப்பாவைப் பற்றிப் பாதிதான் சொன்னவள் ஆவேன். சித்திரை வெயிலில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத வாய்க்காலில் இறங்கி, நெய்வேலிக் காட்டாமணக்கை வேரோடு பிடுங்கி அவர் தூர் வாருவார். அதை யாரும் வேடிக்கை பார்க்க வரமாட்டார்கள்.

புவான்காரே என்ற பிரெஞ்சுக் கணித மேதை தன் அனுபவம் ஒன்றை எழுதியிருக்கிறார். குத்தான்ஸ் என்ற ஊரில் குதிரை பஸ்ஸின் படியில் கால் வைத்த அந்தக் கணத்தில், பெரிய கண்டுபிடிப்பு ஒன்று மனத்தில் பளிச்சிட்டதாம். பஸ்ஸில் பேச்சைத் தொடர்ந்தார், ஊருக்குத் திரும்பிய பிறகு சரிபார்த்துக்கொண்டார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பஸ் படியோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு முன்னால் பதினைந்து நாள், தினமும் ஒரு மணி இரண்டு மணி நேரம் மேஜையில் உட்கார்ந்து அவர் மண்டையை உடைத்துக்கொண்டதை விட்டுவிடுவார்கள். பதினைந்து நாளும் தூர் வாரியதுதான்!

நானும் பறிகொடுத்திருக்கிறேன். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சில நாள் கழித்து, இட்லிக்கு அரிசி களையும்போது அழகான ஒரு வழி தோன்றியது. நாளைக்கு வகுப்பில் சொல்லலாம் என்று உலையைப் பார்க்கப் போனேன். மறுநாள் கரும்பலகை முன்னால் நின்றால் ஒன்றும் இல்லை. அந்த வருஷத்துப் பிள்ளைகள் “தலைகீழாக்கிப் பெருக்கு” என்ற மந்திரத்தோடு போய்விட்டார்கள். அடுத்த வருஷம், அதே அரிசி, அதே பாத்திரம், திரும்பி வந்தது: முக்கால் படிக்குள் எத்தனை ஆழாக்கு? ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. முக்கால் படிக்கு ஆறு. ஓர் ஆழாக்கு என்பது அரைக்கால் படி, அதாவது படியில் எட்டில் ஒரு பங்கு. அரைக்கால் படியால் வகுப்பதும் எட்டால் பெருக்குவதும் ஒன்று என்று அளந்தே காட்டிவிடலாம். ஈரக் கையோடு தினசரிக் காலண்டரைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினேன். இப்படித் திரும்பி வந்தது ஒன்றுதான். வராமலே போனவற்றுக்குக் கணக்கு இல்லை.

ஆகவே காலண்டர் தாளோ ரயில் டிக்கெட்டோ, பையில் ஒரு பென்சில். தோன்றிய சொற்களை அப்படியே எழுதுங்கள். “வயல் பற்றி ஒரு கதை” என்று குறித்தால் இரவில் அது உங்களுக்கே புரியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், ஒன்றும் தோன்றாவிட்டாலும் உட்காருங்கள். அடுத்த கடிதத்தில் எனக்கு அந்த வரிகள் வேண்டும், அழுகை வேண்டாம்.

கேள்வி: மனிதன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான், மீதியை எழுப்பிக்கொடுக்கிறோம் என்று ஒரு பயிற்சி முகாமில் சொல்கிறார்கள். கட்டணம் கட்டலாமா?
(கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

பதில்: கட்டாதீர்கள். உடல் எடையில் மூளை ஏறக்குறைய இரண்டு சதவீதம். உடல் செலவழிக்கும் சக்தியில் அது வாங்கிக்கொள்வது ஏறக்குறைய இருபது சதவீதம். பத்தில் ஒன்பது பங்கு வேலை செய்யாத ஆளுக்கு இவ்வளவு சோறு யார் போடுவார்கள்? பக்கவாதம் வந்தவர் வீட்டில் கேட்டுப் பாருங்கள், மூளையில் சிறிய இடம் ஒன்று பழுதானால் எத்தனை பறிபோகிறது என்று. நீங்கள் தொடாமல் வைத்திருக்கும் ஆற்றல் நிறைய இருக்கலாம். அது மண்டைக்குள் பூட்டிய அறையில் இல்லை. பழகாத விரலில், படிக்காத பாடத்தில் இருக்கிறது.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் கணக்குக்குச் சட்டென்று விடை சொல்லிவிடுகிறான். வழிமுறை எழுதச் சொன்னால் மறுக்கிறான். ராமானுஜனுக்கு நாமகிரித் தாயாரே கனவில் சொன்னதாகப் படித்தேன். இவனுக்கும் அப்படி ஒரு வரம் இருந்தால் வற்புறுத்திக் கெடுத்துவிடக்கூடாது அல்லவா?
(ஒரு தந்தை, பாபநாசம்)

பதில்: காய்கறிக்குப் போகும்போதெல்லாம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வாழ்ந்த அந்த வீட்டைக் கடந்துதான் போகிறேன். பெற்றோர்கள் பிள்ளைகளைத் திண்ணையில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். கனவு அவருக்கும் தாயாருக்கும் உள்ள விஷயம், நான் அதில் நுழையமாட்டேன். எனக்கு அவருடைய முழங்கைதான் கண்ணில் நிற்கிறது. காகிதம் வாங்கக் காசில்லாமல் பலகையில் போட்டுப் போட்டு முழங்கையாலேயே அழிப்பாராம். பதினாறு வயது வாக்கில் கார் என்பவர் தொகுத்த கணிதப் புத்தகம் கையில் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் கிடையாது. அதைக் கொண்டு தானாகவே கட்ட ஆரம்பித்தார். மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் இந்த ஊர்க் கல்லூரியிலேயே உதவித்தொகையை இழந்தார். 1913-இல் ஹார்டி என்ற இங்கிலாந்துக் கணித மேதைக்குக் கடிதம் எழுதும்போது அவர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா.

1729 கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோயில் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க வந்த ஹார்டி, தான் வந்த டாக்ஸியின் எண்ணில் விசேஷம் ஒன்றும் இல்லை என்றார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று படுக்கையிலிருந்தே பதில் வந்தது: 12-இன் கனமும் 1-இன் கனமும், 10-இன் கனமும் 9-இன் கனமும். கேட்டவர்களுக்கு மின்னல். ஆனால் அந்த எண் அதற்குப் பல வருஷங்கள் முன்பே அவருடைய நோட்டில் ஏறியிருந்தது.

மகனை வற்புறுத்த வேண்டாம். “அப்பாவுக்குப் புரியவில்லை, எனக்காக எழுதிக் காட்டு” என்று கேளுங்கள். பொய்யாகக்கூட இருக்காது என்று உங்கள் கையெழுத்தில் இருந்த கணக்கைப் பார்த்ததும் தோன்றியது, மன்னிக்கவும்.

கேள்வி: என் மாமியார் விடியற்காலையில் இருபத்தொரு புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுவார். ஒரு நாள் போட்டது மறுநாள் வராது. எட்டு மணிக்குள் சைக்கிளும் ஆடும் மிதித்துவிடும். இத்தனை திறமையும் வீணாகிறதே என்று எனக்கு வயிற்றெரிச்சல்.
(வாசகி, திருவாரூர்)

பதில்: அவருக்கு எரிகிறதா என்று கேட்டீர்களா? அழிவதை அறிந்துதான் போடுகிறார். ஆனால் அவருக்குத் தெரிந்தது அவரோடு போய்விடும் என்றால், அதில் நான் உங்கள் பக்கம். 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கோலத்தை எடுத்து, அதை எப்படிக் கட்டுவது என்ற விதிகளாக, அதற்குக் கணினி இலக்கணமே எழுதினார்கள். உங்கள் வாசலில் இருப்பது அத்தனை கனமான விஷயம்.

கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். இந்த ஊர்க் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த உ.வே. சாமிநாதையர் 1880-இல் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எல்லாவற்றையும் அடுக்கினார். முன்சீப் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. ஏழு வருஷம் கழித்து, 1887-இல், அவர் பதிப்பித்த சிந்தாமணி வெளிவந்தது. அந்தக் கேள்வியை ஒரு முன்சீப் கேட்டார். உங்கள் மாமியாரிடம் கேட்க முன்சீப் வரமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

போன் படம் போதாது. கோடு எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் வளைந்தது என்பது படத்தில் தெரியாது. கட்டம் போட்ட நோட்டோடு பக்கத்தில் உட்காருங்கள். “சொல்லத் தெரியாதடி, கை போகிறது” என்பார். மறுநாளும் உட்காருங்கள். மூலையில் கோட்டை எப்படித் திருப்புகிறார் என்று பார்த்து எனக்கும் வரைந்து அனுப்புங்கள். என் அம்மா இருபத்தொரு புள்ளியை ஒரே கோட்டில் முடிப்பார். நான் போட்டால் மூலையில் ஒரு புள்ளி வெளியே நின்றுவிடுகிறது.