போலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்குக் கொழிஞ்சாம்பாறை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டேன். இயற்பியலிலும் கணக்கிலும் நல்ல மதிப்பெண். கமர்ஷியல் பைலட் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. செலவு அரைக் கோடிக்கு மேல் ஆகும் என்கிறார்கள். அப்பா தென்னந்தோப்பை விற்கத் தயாராக இருக்கிறார். தாய்மாமாதான், "டிரைவர் வேலைக்கு எதுக்குத் தோப்பை விக்கோணும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்று ராத்திரி முழுக்க அழுதேன். இன்னும் கொஞ்ச காலத்தில் விமானம் தானாகவே பறக்கும், பைலட்டே தேவைப்படாது என்றும் சொல்கிறார். நான் வீட்டில் பெரியவர்களை எதிர்த்து இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சொன்னதைக் கேட்டு நடக்கிறவள். இந்த வேலைக்கு அந்த ஒழுக்கம் உதவும்தானே? பைலட் என்றால் உண்மையில் யார்? நீங்கள் எழுதினால் மாமா ஒத்துக்கொள்வார்.

– கே.

அன்புள்ள அம்மணி,

உனக்கு என் மகள் வயது. ஒருமையிலேயே எழுதுகிறேன். உன் கடிதம் வந்த வாரம்தான் குதிரான் சுரங்கப்பாதை வழியாகத் திருச்சூர் போய்வந்தேன். ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, பாட்டு ஒன்று முடிவதற்குள் மலை பின்னால் போய்விடுகிறது. 2021 வரைக்கும் அந்த மலையை ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். வீடு வந்து சேரும்வரை எனக்கு அந்தப் பழைய சாலையும் பெரியப்பாவும்தான் நினைப்பு. அது ஆறுவதற்குள் உன் கடிதம்.

மாமாவின் ஆட்டோபைலட் கவலையை விடு. அந்தக் கருவி எத்தனையோ பத்தாண்டுகளாக இருக்கிறது. முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். படிப்பு விவரங்களுக்கும் நான் தேவையில்லை. 200 மணி நேரம் பறக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் நீயே பொறுப்பேற்று. விமான விதிகள், வானிலை, வழி கணிப்பது, இயந்திர நுட்பம் என்று தாள்கள், ஒவ்வொன்றிலும் 70 சதவீத மதிப்பெண். கணக்கு வருகிற பிள்ளைக்கு அது பெரிய மலை இல்லை. பெண்ணால் முடியுமா என்று நீ கேட்கவே இல்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. விமானிகளில் பெண்களின் பங்கு நம் நாட்டில் உலக சராசரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆனால் 'டிரைவர்' என்று சொன்னதற்காக ராத்திரி முழுக்க அழுதாயே, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. உங்கள் ஊர்த் தக்காளியும் தேங்காயும் யார் ஓட்டி ஊர்போய்ச் சேர்கின்றன? அந்தச் சொல்லை அவமானம் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தொப்பியும் தோள்பட்டைக் கோடுகளும்தான் உன்னை இழுக்கின்றன என்றால் தோப்பு அப்பாவிடமே இருக்கட்டும்.

என் பெரியப்பா டிரைவர். 1987இல் பிளஸ் டூ முடித்த கையோடு அவரிடம் கிளீனராகப் போனேன். வேலந்தாவளம் மார்க்கெட்டில் தக்காளி ஏற்றித் திருச்சூரில் இறக்குவோம். கிளீனர் வேலை என்றால் கண்ணாடி துடைப்பது மட்டும் இல்லை. வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் ஜாக்கி லிவரை எடுத்துக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்க்க வேண்டும். காற்று சரியாக இருந்தால் 'டங்' என்று லிவர் துள்ளித் திரும்பும், உள்ளங்கை கூசும். காற்று இறங்கியிருந்தால் 'தொப்' என்று ஒரு செத்த சத்தம். பின்பக்கம் ஜோடி டயரில் உள் டயர் கண்ணுக்குத் தெரியாது. குனிந்து லிவரை உள்ளே விட்டுத் தட்டிக் காதால்தான் பார்க்க வேண்டும்.

ஒருநாள் செக்போஸ்ட்டில் நான்கு மணி நேரம் நின்றுவிட்டோம். வெயிலில் தக்காளி கசிய ஆரம்பித்துவிட்டது. நான் வரிசையைக் கவனிக்காமல் தூங்கிப்போனேன், நாலு வண்டி முந்திவிட்டது. பளார் என்று ஓர் அறை. அதற்குப் பிறகு பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வடக்கஞ்சேரி டீக்கடையில் நிறுத்தினார். இருட்டிவிட்டது, மழைத் தூறல். நான் வழக்கம்போலத் தட்டிக்கொண்டு வந்தேன். இடது பின்பக்கம் உள் டயர், 'தொப்'. திரும்பவும் தட்டினேன், அதே சத்தம். நிமிர்ந்து பார்த்தால் அவர் கடுகடுவென்று ஏறி உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பிவிட்டார். ஸ்டெப்னியை மாட்ட ஒரு மணி நேரம் ஆகும். வாயைத் திறந்தால் இன்னோர் அறை விழும் என்று நினைத்தேன். ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

குதிரான் இறக்கத்தில் அது வெடித்தது. சுமை தாங்காமல் பக்கத்து டயரும் போயிற்று. வண்டி இழுத்துக்கொண்டு போய் மலைப்பக்கம் சாய்ந்து நின்றது. மறுபக்கம் போயிருந்தால் இந்தப் பதில் இல்லை. பெரியப்பா இறங்கி, ரொம்ப நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கேட்டார்.

"தட்டுனப்பவே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

"ஏன்டா சொல்லலை?"

"நீங்க கோவமா இருந்தீங்க."

அவர் என்னை அடிக்கவில்லை. "நான் அடிச்சாலும் சொல்லிப்போடோணும் கண்ணு" என்றார். அவ்வளவுதான். ஆனால் அடுத்த நாளிலிருந்து, வண்டி எங்கே நின்று கிளம்பினாலும், கியர் போடுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி "போலாமா?" என்று கேட்பார். நான் "போலாங்க" என்று சொல்கிற வரைக்கும் கிளட்சிலிருந்து காலை எடுக்க மாட்டார். இருபது வருடமாக ஓட்டுகிறவர், பதினேழு வயதுப் பையனிடம்.

நீ பெருமையாக எழுதியிருக்கிறாயே, பெரியவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை என்று, அதைப் படித்ததும் எனக்கு அந்த 'தொப்' சத்தம்தான் கேட்டது. இந்த வேலைக்கு அது ஒழுக்கம் இல்லை அம்மணி, ஆபத்து. நீ உரிமம் வாங்கியதும் உட்காரப்போவது வலதுபக்க இருக்கையில். இடதுபக்கம் கேப்டன், உன் அப்பா வயதில், பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர். அவர் தப்பாக இறங்குகிறார் என்று உனக்குத் தெரியும்போது நீ வாய் திறப்பாயா மாட்டாயா, அதுதான் கேள்வி.

2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. உங்கள் ஜில்லாவிலிருந்து மலப்புறம் தாண்டினால் கரிப்பூர் விமான நிலையம், மலை உச்சியை வெட்டிப் போட்ட ஓடுபாதை. மழை. முதல் முறை இறங்க முடியாமல் மேலே ஏறினார்கள். இரண்டாம் முறை பின்னாலிருந்து காற்று தள்ள, எதிர்முனையிலிருந்து இறங்கினார்கள். 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டிய பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. துணை விமானி 'கோ அரவுண்ட்' என்று சொன்னார், அதாவது இறங்காதீர்கள், மேலே ஏற்றுங்கள் என்று. ஆனால் சொன்னது நடக்கவில்லை. விமானிகள் இருவரையும் சேர்த்து 21 பேர் போனார்கள். அந்த விசாரணை அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன். 2010இல் மங்களூரில் துணை விமானி மூன்று முறை சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. 158 பேர்.

நம் ஊர்ப் பழக்கம்தான் காரணம் என்று நினைத்துவிடாதே. 1977இல் டெனெரிஃப் தீவில் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். பறக்கக் கிளம்பி ஓடத் தொடங்கிவிட்ட டச்சு விமானத்தின் பொறியாளர், "அந்த விமானம் இன்னும் விலகவில்லையோ?" என்று கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னார் கேப்டன். நிறுவனத்திலேயே பெரிய பெயர் அவருக்கு. அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் விமானிகளுக்குப் பறக்கச் சொல்லித்தருவதோடு பேசவும் கேட்கவும் சொல்லித்தர ஆரம்பித்தார்கள். இன்று அது பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கவனிப்பார். கவனிக்கிறவர் உயரத்தையும் வேகத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஓட்டுகிறவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் இளையவரே கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். பெரியப்பாவின் "போலாமா" அதுதான். அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, ஒரு டயர் வெடித்ததில் தானாகத் தெரிந்துகொண்டார்.

உன் மாமா வைத ராத்திரி நீ என்ன செய்திருக்க வேண்டும்? அழுதுவிட்டு முன்பின் தெரியாத எனக்குக் கடிதம் எழுதுவதா? நேராக அவர் முன்னால் போய், குரலை உயர்த்தாமல், "மாமா, நீங்க சொன்னது தப்பு, இதுனாலதான் தப்பு" என்று சொல்லியிருக்க வேண்டும். மரியாதையாகவே சொல்லலாம். நான் எழுதி மாமாவை ஒத்துக்கொள்ள வைக்க மாட்டேன். நீயே சொல். அது உனக்கு முதல் பயிற்சி.

அப்பாவிடமும் ஒன்று சொல்ல வேண்டும். தோப்புக்கு அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் மருத்துவச் சோதனையை முடிக்கச் சொல். முதலில் கிளாஸ் டூ என்கிற ஆரம்பச் சோதனை, அப்புறம் கிளாஸ் ஒன் என்கிற கடுமையான சோதனை. கண்ணிலோ காதிலோ இதயத்திலோ ஒரு குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பணம் கட்டிச் சேர்ந்த பிறகு அது தெரியவந்து குடும்பமே உட்கார்ந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். சேர்க்கிற பள்ளியில் எத்தனை விமானம் ஓடுகிற நிலையில் இருக்கிறது, முன்னால் சேர்ந்தவர்கள் 200 மணி நேரத்தை எத்தனை மாதத்தில் முடித்தார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள். அப்பா கேட்கத் தயங்கினால் நீ கேள்.

மாமாவிடம் பேசிவிட்டு என்ன சொன்னார் என்று எழுது.