மூன்று ஓட்டைக் காகிதத்தை நம்பி ரைபிள் வாங்கலாமா?

கேள்வி: என் தம்பி டல்லாஸில் வேலை பார்க்கிறான், கிரீன் கார்டு வாங்கிவிட்டான். ஆபீஸ் நண்பர்களோடு வருஷத்துக்கு ஒருமுறை கொலராடோ மலைக்கு மான் வேட்டைக்குப் போகிறான். அங்கே அது முறையாக உரிமம் எடுத்துச் செய்வது. இப்போது எடை குறைந்த ரைபிள் ஒன்றை 2,400 டாலருக்குப் பார்த்து வைத்திருக்கிறான். "100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் சுடும்" என்று கம்பெனி உத்தரவாதம் தருகிறதாம். மூன்று ஓட்டை ஒட்டி ஒட்டி விழுந்த காகிதத்தையும் படம் பிடித்து அனுப்பினான். "அந்தக் காசுக்குத் தோட்டத்தில் போர் போட்டிருக்கலாம்" என்கிறார் அப்பா. விலைக்குத் தகுந்த பொருள்தானா?
வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: போர் போடுவது பற்றி அப்பாவிடம் நான் வாதாட மாட்டேன். அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

தர்மபுரியில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் இருந்தேன். 25 மீட்டரில், சாக்கின் மேல் குப்புறப் படுத்து, பாயிண்ட் டூ டூ ரைபிளில் ஐந்து ரவுண்டு. ஒருநாள் எனக்கு முதல் மூன்றும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு விழுந்தன. நான்காவதும் ஐந்தாவதும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. ஹவில்தார் ஸ்கேலை வைத்து அளந்தது ஐந்தையும் சேர்த்துத்தான். "அந்த மூன்றை மட்டும் வெட்டி வீட்டுக்குக் கொண்டு போ" என்றார்.

கம்பெனி உத்தரவாதமும் பெரும்பாலும் அந்த வெட்டிய மூன்றுதான். மூன்று குண்டு நெருக்கமாக விழுவதற்கு அதிர்ஷ்டமும் கொஞ்சம் உதவும். அதே துப்பாக்கியில் ஐந்து சுட்டால் குரூப்பிங், அதாவது ஓட்டைகள் விழும் பரப்பு, விரியும், பத்து சுட்டால் இன்னும் விரியும். எடை குறைந்த ரைபிளில் இன்னொரு சிக்கலும் உண்டு. எடையைக் குறைக்கக் குழலை மெல்லிசாகக் கடைகிறார்கள். மெல்லிய குழல் நாலைந்து குண்டிலேயே சூடேறும். சூட்டில் சில குழல்கள் இலேசாக வளைந்து, குண்டு ஒரு பக்கமாக நகரத் தொடங்கும்.

ஆனால் மான் முன்னால் யாரும் பத்து குண்டு சுடுவதில்லை. குழல் குளிர்ந்திருக்கும்போது போகும் முதல் குண்டுதான் கணக்கு. அதனால் தம்பியை இப்படிச் சோதிக்கச் சொல்லுங்கள். ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் திடலுக்கு) போகும் ஒவ்வொரு நாளும் முதல் குண்டைத் தனிக் காகிதத்தில் சுட்டு, தேதி போட்டு எடுத்து வைக்கட்டும். ஐந்தாறு நாள் ஆனதும் அந்தக் காகிதங்களை ஒவ்வொன்றாக, நடுப்புள்ளி பொருந்த ஒரே வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து, ஓட்டை வழியாக அதில் பேனாவால் குறிக்கட்டும். அந்தப் புள்ளிகள் எவ்வளவு தூரம் சிதறியிருக்கின்றனவோ அதுதான் அவன் கையில் அந்தத் துப்பாக்கியின் துல்லியம். தோட்டாவையும் மூன்று நான்கு வகை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு குழலுக்குப் பிடித்த தோட்டா பக்கத்து ரைபிளுக்குப் பிடிக்காது.

எவ்வளவு துல்லியம் போதும்? மானின் நெஞ்சுப் பகுதியில் குண்டு பட வேண்டிய இடம் சுமார் 8 அங்குல வட்டம். 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் சிதறும் ரைபிள் 200 கஜத்தில் மூன்று அங்குலம் சிதறும். வட்டத்துக்குள் தாராளமாக அடங்கும். ஒன்றரை அங்குலத்தை அரை அங்குலமாக்கக் கூடுதலாக ஆயிரம் டாலர் கொடுத்தால், மானுக்கு அந்த வித்தியாசம் தெரியப் போவதில்லை.

சரி, 2,400 டாலர் எதற்குத்தான் போகிறது? பெரும்பாலும் எடைக்கு. ரூகர் அமெரிக்கன், பின்லாந்தின் டிக்கா லைட் ரைபிள்கள் எல்லாம் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் சுமார் 2.8 கிலோ. துல்லியத்தில் இவற்றைக் குறை சொல்பவர்கள் குறைவு, விலையும் இதில் பாதிக்கும் கீழே. அதற்கும் கீழே அரை கிலோ இறக்கத்தான் கார்பன் நார் சுற்றிய குழல், தோளில் ஊன்றும் விலை கூடிய கட்டை என்று பணம் கரைகிறது. மேலகிரி மலையில் ஒருநாள் ஏறி இறங்கியவருக்கு அரை கிலோவின் அருமை தெரியும். அதை மறுக்கவில்லை. ஆனால் 700 கிராம் ஸ்கோப்பை அதன் மேல் மாட்டினால் கொடுத்த காசு வீண். கடையில் ஸ்கோப், வார் எல்லாம் மாட்டித் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் தோள். ஒரே தோட்டாவை 3.6 கிலோ ரைபிளில் சுடுவதற்கும் 2.7 கிலோவில் சுடுவதற்கும் உதையில் மூன்றில் ஒரு பங்கு கூடும். உதைக்குப் பயந்தவன் விசையை அழுத்தும் நொடியில் கண்ணை மூடுவான், தோளைச் சுருக்குவான். அப்போது எந்த உத்தரவாதமும் உதவாது. என் கருத்து: பாதி விலை ரைபிளை வாங்கி, மிச்சத்தில் நல்ல ஸ்கோப்பும் பழக நிறையத் தோட்டாவும் வாங்கட்டும்.

அவனுடைய நண்பர்களில் எச்-1பி விசாக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு கிடைக்கும். உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும்.

கேள்வி: ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டு வரலாமா?
அதே வாசகர்

பதில்: கூடாது. விமான நிலையத்திலேயே பிடிபடுவான். இங்கே உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் ஆயுதச் சட்டம், 1959 பாயும். உரிமம் இருந்தாலும் வேட்டை கிடையாது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதைத் தடை செய்கிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி வழக்குகள் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: மாந்தோப்பில் கிளி தாங்கவில்லை. உரிமம் தேவையில்லாத ஏர்கன் என்று ஒன்றைக் கடையில் காட்டினார்கள். பெட்டியில் '1000 எஃப்.பி.எஸ்.' என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?
வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கிளிக்காக என்றால் வேண்டாம். கிளி பாதுகாக்கப்பட்ட பறவை. ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பது கிளியைச் சுட அனுமதி ஆகாது. பெங்களூரா காய்க்கும் மரத்துக்கு வலை போடுங்கள், காலையிலும் மாலையிலும் டப்பா தட்ட ஓர் ஆளை வையுங்கள்.

பிள்ளைகள் குறி பழக என்றால் வாங்கலாம், பெட்டியைப் பார்த்து அல்ல. உரிம விலக்கு 4.5 மி.மீ. குழலுக்கு, அதுவும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் மட்டும். எஃப்.பி.எஸ். என்றால் விநாடிக்கு இத்தனை அடி. 0.53 கிராம் பெல்லட் (ஏர்கன் குண்டு) அந்த 1000 அடி வேகத்தில் போனால் 24 ஜூலுக்கு மேல் வரும். ஆக, ஒன்று, இலேசான பெல்லட்டைப் போட்டு எடுத்த வேகத்தை அச்சடித்திருக்கிறார்கள். இல்லையென்றால் அது உரிமம் தேவைப்படும் சரக்கு. எத்தனை ஜூல் என்பதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடை. எழுதிக் கொடுத்தால், 10 மீட்டரில் ஐந்து பெல்லட் சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் மறைந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.