மைனஸ் 40, பிறகு மழை: ஃபேர்பேங்க்ஸ் குளிர்காலத்துக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. டிசம்பர் கடைசியில் மனைவி, ஆறு வயது மகளுடன் போய்ச் சேருகிறோம். பழைய வானிலைப் பதிவுகளைப் பார்த்தால் ஒரு வாரம் மைனஸ் 40 டிகிரி; பத்து நாள் கழித்து பிளஸ் 2, மழை வேறு. இது பதிவுப் பிழையா? எந்தக் குளிரை மனத்தில் வைத்து உடை, கார், வீடு பார்ப்பது?

பதில்: பிழை இல்லை. ஃபேர்பேங்க்ஸின் ஜனவரி சராசரி சுமார் மைனஸ் 22 டிகிரி செல்சியஸ். ஆனால் அந்தச் சராசரியை நம்பி எதையும் வாங்காதீர்கள். 1934 ஜனவரியில் அங்கே மைனஸ் 54 வரை இறங்கியிருக்கிறது. 2021 டிசம்பர் 26 அன்று அதே ஊரில் மழை கொட்டியது. அன்றைக்குத் தெற்கே கோடியாக் தீவில் 19.4 டிகிரி, அலாஸ்காவின் டிசம்பர் மாதச் சாதனை அது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மைனஸ் 40-க்கு அந்த ஊர் முழுக்கத் தயாராக இருக்கிறது. வெளியே மைனஸ் 29 ஆகும்வரை குழந்தைகளை இடைவேளைக்கு விளையாட விடும் பள்ளிகள் உள்ள இடம் அது. அதே பள்ளிகள் 2010 நவம்பரில் மூடிக் கிடந்தன. காரணம் குளிர் அல்ல, மழை. நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது குளிரின் அடிமட்டத்தை அல்ல. குளிர் விட்டு, ஈரம் வந்து, மறுபடி குளிர் பிடிக்கும் அந்த இரண்டு மூன்று நாட்களை.

இந்த ஏற்ற இறக்கம் ஏன் என்பது புரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். டிசம்பர் 21 வாக்கில் அங்கே பகல் 3 மணி 42 நிமிடம்தான். உச்சிவேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 2 டிகிரிகூட ஏறாது. அதனால் ‘பகலில் சூடு, இரவில் குளிர்’ என்ற கணக்கே செல்லாது. ஒரு நாளின் அதிகபட்ச வெப்பநிலை அதிகாலை 2 மணிக்குப் பதிவாகலாம். அங்கே வெப்பத்தைத் தீர்மானிப்பவை மேகமும் காற்றும் மட்டுமே.

வானம் தெளிந்து, காற்று அசையாமல் நின்றால் பனித்தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. மூன்று பக்கமும் குன்றுகள் சூழ, ஃபேர்பேங்க்ஸ் அமைந்திருக்கும் டனானா பள்ளத்தாக்கின் அடியில், கிண்ணத்தில் தண்ணீர் தேங்குவதுபோல் அது தேங்கிவிடும். மேலே போகப் போகக் குளிர் கூடுவதுதான் வழக்கம். இங்கே தலைகீழ்: நகரத்தில் மைனஸ் 40 இருக்கும்போது சில நூறு மீட்டர் உயரத்தில் உள்ள குன்று வீட்டில் மைனஸ் 25 இருக்கலாம். கைபேசி காட்டும் எண் பெரும்பாலும் விமான நிலையத்தினுடையது. அது பள்ளத்தாக்கின் தரையில் இருக்கிறது. உங்கள் வீட்டு வாசலில் எவ்வளவு என்பதைச் சொல்ல வெளிச்சுவரில் ஒரு வெப்பமானி வேண்டும். மைனஸ் 50 வரை காட்டக்கூடியதாக வாங்குங்கள். பாதரசம் மைனஸ் 39-லேயே உறைந்துவிடும் என்பதால் சாராய வெப்பமானி அல்லது அந்த அளவுக்குச் சான்று பெற்ற மின்னணு வெப்பமானிதான் உதவும்.

அப்படித் தேங்கிய குளிரை ஒரு மேக அடுக்கு வந்தே கலைத்துவிடும். மேகம் தரையின் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதால் சில மணி நேரத்தில் 10, 15 டிகிரி ஏறும். அடுத்த கட்டம் தெற்குக் காற்று. பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அலாஸ்கா மலைத்தொடரில் ஏறும்போது தெற்குச் சரிவில் மழையாகவும் பனியாகவும் ஈரத்தைக் கொட்டுகிறது. அந்த ஈரம் வெளியிட்ட வெப்பம் காற்றிலேயே தங்குகிறது. பிறகு வடக்குச் சரிவில் இறங்கும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி சூடாகிறது. இதைத்தான் சினூக் என்கிறார்கள். மலையடிவாரத்தில் உள்ள ஹீலி, டெல்டா ஜங்ஷன் ஊர்களில் காற்று முதலில் வலுக்கும்.

சினூக் மட்டும் வந்தால் காற்று உலர்ந்திருக்கும், பெரிய கெடுதல் இல்லை. சிக்கல் வேறொன்று. வெதுவெதுப்பான காற்று கனமான குளிர்காற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்; தரையில் மைனஸ் 8 அப்படியே நிற்கும். மேலே பிளஸ் 2. தென்மேற்கிலிருந்து போதிய ஈரம் வந்தால், மேலடுக்கில் மழைத்துளியாக உருகியது கீழே வந்து தொட்ட இடத்தில் ஐஸாக ஒட்டும். இதுதான் உறைமழை. வாரக்கணக்கில் மைனஸ் 20-க்கும் கீழே கிடந்த தார்ச்சாலை, காற்று பிளஸ் 1 ஆன பிறகும் பல மணி நேரம் உறைநிலைக்குக் கீழேதான் இருக்கும். ஆகவே வெப்பமானி பிளஸ் காட்டுகிறது என்று நம்பி வண்டியை எடுக்காதீர்கள்.

சாலையில் உப்புப் போடலாமே என்று தோன்றும். சாதாரண உப்பு மைனஸ் 10-க்குக் கீழே பயன் தராது; மைனஸ் 21-க்குக் கீழே அறவே வேலை செய்யாது. அதனால் அங்கே மணலும் பொடிச் சரளையும்தான் தூவுகிறார்கள். 2021 டிசம்பர் மழைக்குப் பின் சாலையில் ஒட்டிய ஐஸ் வசந்தம்வரை பல இடங்களில் போகவில்லை. ஒரு நாள் மழையின் விளைவு மூன்று மாதம் காலடியில் கிடக்கும்.

முன்னறிவிப்பைப் படிக்கும்போது எண்ணை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள். மேகம் வருகிறதா? தெற்குக் காற்று ஹீலியிலும் டெல்டாவிலும் எழுந்துவிட்டதா? ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், அதாவது காற்றழுத்தம் 850 மில்லிபாராக இருக்கும் மட்டத்தில், வெப்பநிலை பூஜ்யத்தைத் தாண்டுகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால், தரையில் மைனஸ் 10 இருந்தாலும் உறைமழைக்குத் தயாராகுங்கள். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் ஃபேர்பேங்க்ஸ் அலுவலகம் எண்களோடு ஒரு விளக்கக் குறிப்பும் எழுதி வெளியிடுகிறது. செயலியைவிட அதை நம்புங்கள். எதில் உறுதி, எதில் சந்தேகம் என்று வானிலையாளரே எழுதுவது அதில்தான் கிடைக்கும்.

இனி கார். வாங்கும்போதே எஞ்சின் பிளாக் ஹீட்டர், ஆயில் பேன் சூடேற்றி, பேட்டரிக்கு அடியில் வைக்கும் சூட்டுத் தகடு மூன்றும் பொருத்தியிருக்கிறதா என்று கேளுங்கள். முன்பக்கக் கிரில்லில் தொங்கும் பிளக்தான் அடையாளம். பிளக் இருந்தால் போதாது, உள்ளே சுருள் எரிந்து போயிருக்கலாம். மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள்: 120 வோல்ட்டில் 500 வாட் ஹீட்டர் தனியாக இருந்தால் சுமார் 29 ஓம் காட்ட வேண்டும். எல்லையின்மை காட்டினால் சுருளோ வயரோ அறுந்திருக்கிறது. மைனஸ் 20-க்குக் கீழே போனால் கிளம்புவதற்கு 2 முதல் 4 மணி நேரம் முன்பே மின்சாரம் பாயும்படி டைமர் வையுங்கள். வெளிப்புற வயர் குளிரிலும் வளையும் ரகமாக, 14 கேஜ் ஆக இருக்கட்டும். 15 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டுமென்றால் அதைவிடத் தடித்த 12 கேஜ். சாதாரணப் பி.வி.சி. வயர் மைனஸ் 40-இல் வளைத்தாலே விரிந்துவிடும்.

ஏற்ற இறக்கம் இங்கேதான் காலை வாரும். மழை நாளில் வெளிப்புறப் பிளக்குக்குள் தண்ணீர் இறங்கி, மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பான் விழுந்துவிடும். அன்று குளிர் இல்லாததால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டு நாள் கழித்து மைனஸ் 35-இல் இரவெல்லாம் சொருகி வைத்த கார் காலையில் அசையாது. மழை விட்டதும் பிளக்கைத் துடைத்து, தடுப்பானை மறுபடி அழுத்திச் சோதிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் கதவு ரப்பர்களின் ஈரத்தை ஒற்றி எடுத்துச் சிலிக்கான் பூசுங்கள். கைபிரேக்கைப் போடாதீர்கள், ஈரத்தோடு உறைந்தால் விடுபடாது.

குளிரூட்டி நீரைக் கட்டாயம் சோதியுங்கள். உறையாமல் காக்கும் கிளைக்கால் திரவமும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கலவை சுமார் மைனஸ் 37 வரைதான் தாங்கும். கிளைக்கால் 60, தண்ணீர் 40 என்றால் மைனஸ் 50-ஐ ஒட்டிப் போகும். 70 விழுக்காட்டைத் தாண்டினால் உறைநிலை மறுபடி மேலே ஏறத் தொடங்கும்; கூடுதலாக ஊற்றுவது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். எஞ்சின் ஆயில், தயாரிப்பாளர் அனுமதித்தால், கடுங்குளிரிலும் எளிதில் ஓடும் 0டபிள்யூ வகைச் செயற்கை ஆயில்.

டயர் காற்றில் பலரும் ஏமாறுகிறார்கள். மைனஸ் 40-இல் 35 பி.எஸ்.ஐ. நிரப்பிய டயர், பிளஸ் 2 வந்ததும் சுமார் 44 ஆகிவிடும். ஐஸ் பளபளக்கும் அதே நாளில் டயர் உப்பி, தரையைத் தொடும் பரப்பு குறைந்து நிற்கும். எதிர்த்திசையில், 20 டிகிரி சூட்டுக் கொட்டகையில் 35 நிரப்பினால் மைனஸ் 40-இல் அது 25-தான். வெப்பநிலை 5.5 டிகிரி மாறினால் 1 பி.எஸ்.ஐ. மாறும் என்று நினைவில் வைத்து, பெரிய மாற்றம் வரும்போதெல்லாம் அளந்து சரிசெய்யுங்கள். ஆணி பதித்த டயர்களுக்கு அந்தப் பகுதியில் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் முடிய அனுமதி உண்டு. ஐஸில் ஓட்டிப் பழகாதவர் முதல் ஆண்டில் அவற்றையே போடுவது நல்லது.

வீடு பார்க்கும்போது ‘குன்றா, பள்ளத்தாக்கா’ என்ற கேள்வி வரும். குன்றில் குளிர் குறைவு, காற்றும் சுத்தம். தேங்கிய குளிர்காற்றில் விறகுப் புகையும் வண்டிப் புகையும் அடைபடுவதால் ஃபேர்பேங்க்ஸிலும் பக்கத்து நார்த் போல் ஊரிலும் நுண்துகள் மாசு மோசமான அளவுக்குப் போகிறது. மகளுக்கு இளைப்பு (ஆஸ்துமா) இருந்தால் குன்றையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால், முதல் குளிர்காலத்துக்கு அலுவலகத்துக்குப் பக்கத்தில் சமதளமே மேல். உறைமழைக்குப் பின் சரிவுச் சாலையில் இறங்குவது அனுபவசாலிகளுக்கே கடினம்.

வாசலில் இரட்டைக் கதவுடன் ஒரு சிறு முன்னறை இருக்க வேண்டும். எண்ணெய் ஹீட்டர் என்றால் தொட்டியில் 1-ஆம் நம்பர் எரிபொருள் இருக்கிறதா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். 2-ஆம் நம்பர் கடுங்குளிரில் மெழுகாகித் திரியும். தொட்டி கால்பங்குக்குக் கீழே போகவிடாதீர்கள். புரொப்பேன் வாயு மைனஸ் 42-இல் ஆவியாவதை நிறுத்தும். அதற்கு முன்பே அழுத்தம் மிகவும் குறைந்துவிடும். எனவே வெளியே நிற்கும் புரொப்பேன் சிலிண்டரை மட்டும் நம்பிய வெப்பமூட்டலை ஏற்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு தளத்திலும் இருக்கட்டும்.

கடுங்குளிர் வாரத்தில் சிங்க் குடகுடவென்று சத்தமிட்டுச் சாக்கடை வாடை வந்தால், கூரைக்கு மேலே போகும் காற்றுக்குழாயின் வாயை உறைபனி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். உரிமையாளரைக் கூப்பிடுங்கள், ஐஸ் மூடிய கூரையில் நீங்கள் ஏறாதீர்கள். குளிர் விட்ட நாளில் உட்கூரையிலிருந்து தண்ணீர் சொட்டினால், ஓட்டை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சமையலறை, குளியலறை ஆவி விரிசல்கள் வழியே மேலேறி, கூரைப் பலகையின் உட்புறத்தில் வாரக்கணக்கில் உறைபனியாகப் படிந்து, மொத்தமாக உருகுவது வழக்கம். சமைக்கும்போதும் குளிக்கும்போதும் வெளியேற்றும் விசிறியைப் போட்டால் இது பெருமளவு குறையும். கூரைமேல் பனி கனமாக இருக்கும்போது மழை அறிவிப்பு வந்தால், முந்தைய நாளே தரையில் நின்றபடி நீளக்கோலால் ஓரங்களிலாவது இழுத்துத் தள்ளச் சொல்லுங்கள். 25 மி.மீ. மழையைப் பனி உறிஞ்சினால் சதுர மீட்டருக்கு 25 கிலோ கூடும். 2021-இல் டெல்டா ஜங்ஷனில் மளிகைக் கடையின் கூரையே இடிந்தது.

உடையில் இரண்டு தொகுப்பு வேண்டும். உலர்ந்த கடுங்குளிருக்கு மெரினோ கம்பளி அல்லது செயற்கை உள்ளாடை, நடுவில் கம்பளி, மேலே இறகு அடைத்த நீள அங்கி, கையுறைக்குப் பதில் விரல்கள் சேர்ந்திருக்கும் மிட்டன், இரண்டு காலுறை போட்டாலும் இறுக்காத பூட்ஸ். பருத்தி வேண்டாம். பூஜ்யத்தை ஒட்டிய ஈர நாளுக்கு இறகு அங்கி உதவாது. நனைந்தால் அதன் சூடு போய்விடும். அதற்குத் தண்ணீர் புகாத மேலங்கியும், செருப்படியில் மாட்டும் ஐஸ் பற்களும். மகளுக்கும் ஒரு ஜோடி வாங்குங்கள். நனைந்த பூட்ஸின் உள்ளுறையை அன்றிரவே கழற்றி உலர்த்துங்கள்; மறுநாள் மைனஸ் 25 ஆனால் ஈர உள்ளுறைதான் பனிக்கடிக்கு முதல் காரணம்.

நகரத்துக்குள் மைனஸ் 40 பெரும்பாலும் காற்றில்லாமல்தான் வரும். காற்று அடித்தால் மேலே உள்ள சூடு கலந்து குளிர் கலைந்துவிடும். டெல்டா பக்கம் அப்படி இல்லை, அங்கே காற்றும் குளிரும் சேர்ந்து வரும். மைனஸ் 40-இல் மணிக்கு 8 கி.மீ. காற்று இருந்தாலே திறந்த தோலில் 10 நிமிடத்தில் பனிக்கடி ஏற்படலாம். பெட்ரோல் நிரப்பும்போது கையில் சிந்தவிடாதீர்கள்; அது அந்தக் குளிரிலும் திரவமாகவே இருப்பதால் தோல் உடனே பாதிக்கப்படும். மைனஸ் 35-க்குக் கீழே வண்டிப் புகையின் ஆவி ஐஸ் மூடுபனியாகி, சந்திப்புகளில் முன்னால் நிற்கும் வண்டியே தெரியாது, வேகத்தைப் பாதியாக்குங்கள்.

நீங்கள் இறங்கும் முதல் வாரம் வாடகைக் கார் எடுப்பீர்கள் என்றால், முன்பதிவிலேயே பிளாக் ஹீட்டரும் வயரும் உண்டா, குளிர்காலச் சாலைகளில் ஓட்ட அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விடுதியில் வண்டி நிறுத்துமிடத்தில் மின் பிளக் இருக்கிறதா என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.