வெடிமருந்து சீராக விழ: கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்புவோர் கேள்வி பதில்

அமெரிக்காவில் வீட்டிலேயே 9 மிமீ, .38 ஸ்பெஷல் தோட்டாக்களின் காலி உறையில் வெடிமருந்தும் குண்டும் வைத்து நிரப்புகிறவர்கள் கேட்டவை இவை. எந்தக் குண்டுக்கு எத்தனை கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் சின்ன எடை அலகு) என்பதை மட்டும் இங்கே கேட்காதீர்கள். அதற்கு மருந்துத் தயாரிப்பாளரின் அட்டவணைதான் கதி. அதில் போட்டிருக்கும் தொடக்க அளவிலிருந்து மேலே போங்கள், உச்ச அளவிலிருந்து கீழே வராதீர்கள்.

கேள்வி: அண்ணா, யூனிக் மருந்து போடுகிறேன். 5.0 கிரெய்னுக்கு வைத்தால் ஒருமுறை 4.8, இன்னொருமுறை 5.2 விழுகிறது. மருந்து அளந்து கொட்டும் மெஷர் பழுதா?

மெஷரில் குறையில்லை, மருந்தின் குணம் அது. பவுடர் மெஷர் எதுவும் எடை பார்ப்பதில்லை. உருளையில் உள்ள குழியை நிரப்பிக் கொட்டுகிறது, அவ்வளவுதான். யூனிக் பெரிய தட்டைச் செதில். குழிக்குள் ஒருமுறை படுக்கையாக அடங்கும், ஒருமுறை ஏறுமாறாக நின்று இடைவெளி விடும். உருளை திரும்பும்போது விளிம்பில் மாட்டிய செதில் நறுக்கென்று வெட்டுப்படுவதைக் கையிலேயே உணரலாம். ஹெச்பி-38 போன்ற மணி மருந்து மணல்போல ஓடும். அதே மெஷரில் 0.1 கிரெய்ன் கூடக்குறையத்தான் விழும். (வின்செஸ்டர் 231 என்று விற்பதும் இதே மருந்துதான்.)

யூனிக்கையே வைத்துக்கொள்வதானால் செய்ய வேண்டியது: ஹாப்பருக்குள் (மெஷரின் மேலே மருந்து நிற்கும் கூடு) தடுப்புத் தகடு போடுங்கள், மேலேயுள்ள மருந்தின் பாரம் அப்படியே குழியை அழுத்தாது. மருந்து மட்டம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். நிரப்பியதும் முதலில் விழும் பத்துப் பன்னிரண்டு வீச்சை (கைப்பிடியை ஒருமுறை இயக்கினால் விழுவது ஒரு வீச்சு) ஹாப்பரிலேயே திருப்பிக் கொட்டுங்கள், அதற்குள் மருந்து படிந்துவிடும். மெஷரோடு சின்ன உருளை, பெரிய உருளை என இரண்டு வந்திருந்தால் கைத்துப்பாக்கிக்குச் சின்னதுதான். எல்லாவற்றையும்விட முக்கியம் கை. கைப்பிடியை ஒரே வேகத்தில் ஏற்றி, மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. தட்டுவதானால் எல்லா வீச்சிலும் தட்டுங்கள், இல்லையென்றால் ஒன்றிலும் வேண்டாம். ஒன்றுவிட்டு ஒன்று தட்டுவதுதான் கெடுக்கும்.

கேள்வி: பத்து வீச்சை மொத்தமாக நிறுத்துப் பத்தால் வகுத்தால் போதுமா?

சராசரி தெரியும், சிதறல் தெரியாது. மொத்தம் 45.0 கிரெய்ன், ஆக 4.5 என்று திருப்திப்பட்டுக்கொள்ளலாம். அதற்குள் ஒரு 4.2-ம் ஒரு 4.8-ம் ஒளிந்திருக்கும். மெஷரைத் திருகி அமைக்கும்போது பத்தின் மொத்தத்தைப் பாருங்கள். 0.1 கிரெய்ன் காட்டும் தராசின் சின்னப் பிழை அதில் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. அமைத்து முடித்தபின் இருபது வீச்சைத் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். அதில் மிக அதிகமானது அட்டவணையின் உச்சத்தைத் தொடுகிறதென்றால் இலக்கைக் குறையுங்கள். மருந்து டப்பாவின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறினால் மறுபடி முதலிலிருந்து. ஒரே பெயர் மருந்தானாலும் அடர்த்தி கொஞ்சம் மாறும்.

கேள்வி: டிஜிட்டல் தராசு ஒரே மருந்துக்கு மூன்று எண் காட்டுகிறது சார்.

மின்விசிறி, ஏசி காற்று, பக்கத்தில் கிடக்கும் செல்போன், சூடேறாத தராசு: இந்த வரிசையில் பாருங்கள். தராசைப் போட்டு அரைமணி நேரம் விட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள். தட்டை எடுத்ததும் திரையில் ஒரு மைனஸ் எண் வரும், அதைக் குறித்து வையுங்கள். அந்த எண் மாறினால் பூஜ்யம் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது.

தராசோடு வரும் 50 கிராம் கல் 771 கிரெய்னுக்கு மேல். அங்கே சரியாகக் காட்டுவதால் 5 கிரெய்னிலும் சரி என்று ஆகாது. சின்னக் கற்கள் அடங்கிய சோதனை எடைத் தொகுதி ஒன்று வாங்குங்கள். துளித்துளியாக மருந்து சேர்க்கிறவர்களுக்கு இன்னொன்று: பல தராசுகள் மெதுவாக ஏறும் எடையைப் பூஜ்ய நகர்வு என்று நினைத்து விழுங்கிவிடும். தட்டைத் தூக்கி மறுபடி வைத்துப் படியுங்கள்.

கேள்வி: அரிசோனாவில் இருக்கிறேன். காற்று வறட்சி, ஹாப்பர் சுவரெல்லாம் மருந்து ஒட்டிக்கொள்கிறது.

நிலைமின்சாரம். பிளாஸ்டிக் ஹாப்பரையும் இறங்கு குழாயையும் துணி உலர்த்தியில் போடும் டிரையர் ஷீட்டால் உள்ளே துடையுங்கள். உலோக உருளைக்குக் கிராஃபைட் தூள் லேசாகத் தடவலாம். புது மெஷரென்றால் ஒரு பவுண்டு மருந்தை ஓட்டி எடுங்கள். மருந்தின் மேலுள்ள கிராஃபைட்டே பூச்சாகிவிடும். எண்ணெய் மட்டும் வேண்டாம்.

கேள்வி: புரோகிரசிவ் பிரஸ்ஸில் (கைப்பிடியின் ஒரே இழுப்பில் பல உறைகளில் வேறு வேறு வேலை நடக்கும் எந்திரம்) .38 நிரப்புகிறேன். 0.1, 0.2 கிரெய்னுக்கு எவ்வளவு பயப்பட வேண்டும்?

அட்டவணையின் நடுவில் நின்றால் 0.1-க்குப் பயமில்லை. பயப்பட வேண்டியது மருந்தே விழாத பூஜ்யத்துக்கும் இருமுறை விழும் இரட்டிப்புக்கும். .38 ஸ்பெஷல் 1898-இல் கரிமருந்துக் காலத்துப் பெரிய கொள்ளளவோடு வந்த உறை. புல்ஸ்ஐ போன்ற வேக மருந்து அடியில் கொஞ்சூண்டு கிடக்கும். இரட்டிப்பாக விழுந்தாலும் வழியாது. 9 மிமீயிலும் டைட்குரூப் போல அடர்ந்த மருந்து அப்படித்தான். அளவில் அடம்பிடிக்கும் யூனிக் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. பருமனானது, இரண்டு முறை விழுந்தால் கண்ணில் அடிக்கும். சீராக விழும் மருந்துதான் எப்போதும் நல்ல மருந்து என்று நான் சொல்ல மாட்டேன்.

தவறு பெரும்பாலும் பிரஸ் தடைபடும்போதுதான் நடக்கிறது. பிரைமர் (உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) சிக்கும், கைப்பிடியைப் பாதியில் திருப்புவோம், உறைகளைத் தாங்கும் தட்டு சுழலாது, அதே உறைக்கு மறுபடி மருந்து விழும். தடைபட்டால் தட்டிலுள்ள உறைகளை எல்லாம் எடுத்து மருந்தைக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள். குழாயில் செதில் பாலம் கட்டிக்கொண்டால் ஒரு உறையில் பாதி, அடுத்ததில் ஒன்றரை. ஆகவே குறைந்த ஒன்றைக் கண்டால் அடுத்ததையும் நிறுத்துப் பாருங்கள். குண்டு வைக்குமுன் ஒவ்வொரு உறைக்குள்ளும் விளக்கு வெளிச்சத்தில் பார்வை போக வேண்டும். மருந்து மட்டம் தப்பினால் பிரஸ்ஸை நிறுத்தும் லாக்-அவுட் டை இருந்தால் நல்லது, ஆனால் அது கண்ணுக்கு மாற்று இல்லை.

சுடும்போது சத்தம் மங்கலாக வந்தால் உடனே நிறுத்துங்கள். துப்பாக்கியைக் காலி செய்து குழலுக்குள் கம்பி விட்டுப் பாருங்கள். மாட்டியிருக்கும் குண்டின் மேல் இன்னொன்றைச் சுட்டால் குழல் உப்பும், வெடிக்கவும் செய்யும்.

கேள்வி: மெஷர் வாங்கவில்லை. லீ நிறுவனத்தின் அளவுக் கரண்டிகளால் முடியுமா?

முடியும், மெதுவாக. கரண்டியால் மருந்தை அள்ளாதீர்கள். கிண்ணத்துக்குள் அடிப்பக்கமாக அழுத்தி, மருந்து தானாக உள்ளே விழ விடுங்கள். மேலே குவிந்ததை அட்டையால் வழித்துவிடுங்கள், குலுக்க வேண்டாம். எடையைத் தராசில் சரிபார்க்காமல் கரண்டியோடு வந்த அட்டவணையை மட்டும் நம்பக் கூடாது.

கேள்வி: மீதி மருந்தை ஹாப்பரிலேயே விடலாமா?

கூடாது. நைட்ரோகிளிசரின் உள்ள மருந்து பிளாஸ்டிக்கை அரிக்கும். நாளைக்கு வந்து பார்க்கும்போது அது எந்த மருந்து என்று சொல்லவும் முடியாது. மேசையில் ஒரு டப்பாதான், மீதி அதே டப்பாவுக்குள்.

கேள்வி: மருந்து 0.1 கிரெய்னுக்குள் இருக்கிறது, குரோனோகிராஃபில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) வேகம் மட்டும் தாறுமாறு. ஏன்?

மருந்தை விட்டுவிட்டு உறையைப் பாருங்கள். பல நிறுவன உறைகளைக் கலந்து போட்டால் உட்கொள்ளளவு மாறும், குண்டைக் கவ்வும் கழுத்துப் பிடி மாறும். 9 மிமீயில் குண்டு கொஞ்சம் உள்ளே தள்ளப்பட்டாலே அழுத்தம் ஏறும். தோட்டாவைக் கட்டைவிரலால் மேசையில் அழுத்தி, அழுத்துமுன்னும் அழுத்திய பின்னும் நீளம் அளந்து பாருங்கள். .38-இல் மருந்து கிடக்கும் இடமும் கணக்கு. குழலை ஒருமுறை மேலே தூக்கி இறக்கி ஐந்து, கீழே சாய்த்து ஏற்றி ஐந்து என, பாதுகாப்பான திசையில் சுட்டு வேகத்தை எழுதுங்கள். இரண்டு வரிசைக்கும் நடுவே பெரிய இடைவெளி தெரிந்தால் அந்த உறைக்கு இன்னும் பருமனான மருந்து தேவை.