மீதியில்லாத வகுத்தல்

அன்புள்ள ஐயா,

4294967297 என்ற எண்ணைக் கணினியில் கொடுத்தேன். கண்ணிமைக்கும் நேரத்தில் 641 × 6700417 என்று உடைத்துக் காட்டிவிட்டது. இதைக் கண்டுபிடித்ததற்கா கணித மேதை ஆய்லரை இன்னும் கொண்டாடுகிறோம்? இன்னொன்று: இதன் இலக்கங்களைக் கூட்டினால் 59, பிறகு 14, கடைசியில் 5. இந்த ஐந்துக்கு ஏதாவது பொருள் உண்டா?

கே.

அன்புள்ள கே.,

ஐந்துக்கு ஒரு பொருளும் இல்லை. 9ஆல் வகுத்தால் மீதி 5, அவ்வளவுதான். விரல் பத்து இருப்பதால் நாம் பத்துப் பத்தாக எழுதுகிறோம். இதே எண்ணை 0, 1 மட்டுமே உள்ள இரும முறையில் எழுதுங்கள்: ஒரு 1, நடுவே 31 பூஜ்யங்கள், கடைசியில் ஒரு 1. எங்கே போயிற்று உங்கள் ஐந்து? படித்தவர் நீங்கள், எண் ஜோசியத்தில் இறங்காதீர்கள்.

இந்த எண்ணோடு எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 2³² + 1. இதே வாய்பாட்டில், 2இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே வந்து 1ஐக் கூட்டினால், இதற்கு முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள். அடுத்தடுத்து வருபவையும் அப்படியே என்று 1640இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். பதினான்கு வயதில் நானும் நம்பினேன். ஒரு விடுமுறை முழுக்க, பகா எண்களை வரிசையாக எடுத்து நோட்டில் வகுத்துக்கொண்டே போனேன். 431இல் மீதி பூஜ்யம்! ஃபெர்மாவைத் தோற்கடித்துவிட்ட மிதப்பில் அன்று தூங்கவே இல்லை. காலையில் திரும்பப் போட்டால், நடுவில் ஒரு கழித்தலில் கடன் வாங்க மறந்திருக்கிறேன். அழுகை வந்தது. நோட்டை மூடிவிட்டேன். 641க்கு இன்னும் முப்பத்து மூன்றே வகுத்தல்தான் பாக்கி என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆய்லர் 1732இல் 641ஐச் சொன்னார். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி எது இருந்தாலும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும் என்பதையும் பின்னால் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் வேலை முடிந்தது. ஐந்துதான் வேண்டுமென்றால் இந்த ஐந்தை வைத்துக்கொள்ளுங்கள்.

வகுக்காமலே பார்க்கவும் வழி உண்டு. 641 என்பது 5 × 2⁷ + 1. 641ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் கணக்கில் 641 என்பது பூஜ்யம்; ஆகவே 5 × 2⁷ஐ −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. ஆனால் 641 என்பது 5⁴ + 2⁴உம்தான், 625 + 16. எனவே 5⁴ இருந்த இடத்தில் −2⁴ஐப் போடலாம். −2³² என்பது 1. அப்படியானால் 2³² + 1 என்பது பூஜ்யம், மீதி இல்லை.

இதை முதல்முறை பார்த்தபோது அந்த நோட்டை நினைத்துச் சிரித்தேன். உங்கள் கணினி இதில் ஒரு வரியாவது சொன்னதா? நீங்களும் கேட்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு தாளை எடுத்து 193ஆல் மட்டும் கையால் வகுத்துப் பாருங்கள். மீதி 109 வந்தால் எனக்கு எழுதுங்கள்.